மீன் வண்டிக்கு ஹெச்ஐடி பல்ப்: நம்புவதும் உண்மையும்

தோணிரேவிலும் பழவேற்காட்டைச் சுற்றியுள்ள குப்பங்களிலும் இறாலும் நண்டும் மீனும் கரைக்கு வந்ததும் ஐஸ் போட்டு, இருட்டோடு இருட்டாக வண்டி ஏற வேண்டும். பொன்னேரி வழியாகச் சென்னைக்குச் சுமார் 60 கிலோமீட்டர். ஐஸ் உருகுவதற்குள் சந்தைக்குப் போகாவிட்டால் விலை விழும். அந்த அவசரத்தில் ஓட்டுகிறவர் கூடுதல் வெளிச்சம் கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் அதே நேரத்தில்தான் கூடையோடு பெண்கள் சாலையோரம் நடக்கிறார்கள், வலையைக் கேரியரில் கட்டிக்கொண்டு சைக்கிள்கள் எதிரே வருகின்றன. இவர்களிடம் விளக்கே கிடையாது. ஹெட்லைட் பல்பைப் பற்றி நம் வண்டிக்காரர்களிடம் ஊறிப்போன சில நம்பிக்கைகள் இவர்களுக்குத்தான் முதலில் ஆபத்து. அதனால்தான் இதை விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

“டூமை மாற்ற வேண்டாம், பல்பை மட்டும் ஹெச்ஐடி ஆக்கினால் போதும்”

எல்லாத் தொல்லைக்கும் வேர் இதுதான். டூம் என்பது பல்ப் உட்காரும் ஹெட்லைட் கூடு.

ஹாலஜன் பல்புக்குள் மெல்லிய டங்ஸ்டன் கம்பி சூடாகி ஒளிர்கிறது. ஹெச்ஐடி பல்பில் கம்பியே இல்லை. 4 மில்லிமீட்டர் சொச்ச இடைவெளியில் இரண்டு டங்ஸ்டன் முனைகள், அவற்றைச் சுற்றிச் செனான் வாயுவும் உலோக உப்புகளும். பேலாஸ்ட் என்னும் பெட்டி 20,000 வோல்ட்டுக்கு மேல் ஓர் அடி கொடுத்து அந்த இடைவெளியில் மின்பொறியைப் பற்றவைக்கிறது. 1991-இல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் காரில் முதன்முதலாக வந்த ஏற்பாடு இது. எச்4 ஹாலஜன் பல்ப் டிம்மில் ஏறக்குறைய 1,000 லூமன் தரும். 35 வாட் டி2எஸ் ஹெச்ஐடி 3,200 லூமன் தரும். மூன்று மடங்கு. ஆசை வருவது இயல்பு.

இப்போது ஒரு பழைய எச்4 பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே முன்னும் பின்னுமாக இரண்டு கம்பிகள் இருக்கும். முன்னால் இருப்பது டிம். அதற்கு அடியில் குழிந்த சின்ன உலோகத் தகடு ஒன்று தெரியும். அந்தத் தகடு டிம் கம்பியின் வெளிச்சம் டூமின் கீழ்ப்பாதியில் படாதபடி மறைக்கிறது. மேல்பாதியில் மட்டும் பட்ட வெளிச்சம் திரும்பி, சாலையை நோக்கிக் கீழே இறங்குகிறது. எதிரே வருபவரின் கண்ணைக் காப்பாற்றுவது இந்தத் தகடும், கம்பி சரியான புள்ளியில் உட்கார்ந்திருப்பதும்தான். கம்பி ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே ஒளி வேறு பக்கம் சிதறும்.

கிட்டாக விற்கும் ஹெச்ஐடி பல்பில் மின்பொறி அந்தப் புள்ளியில் அந்த வடிவத்தில் உட்காருவதில்லை. தகடு இல்லாத கிட்டுகளும் உண்டு. டிம், பிரைட் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பல்பைக் காந்தத்தால் முன்னும் பின்னும் நகர்த்தும் கிட்டுகளும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் மூன்று மடங்கு வெளிச்சம் கட்டுப்பாடில்லாமல் மேலேயும் பக்கவாட்டிலும் தெறிக்கிறது. லைட்ஹவுஸ் குப்பத்துக்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும்: கலங்கரை விளக்கம் கடலில் வெகுதூரம் தெரிவது விளக்கின் பலத்தால் மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள லென்ஸ் வெளிச்சத்தை ஒரே திசையில் திரட்டுவதால். விளக்கை லென்ஸின் மையத்திலிருந்து நகர்த்திவிட்டால் பலம் எவ்வளவு இருந்தும் பயனில்லை.

“எனக்கு நன்றாகத் தெரிகிறதே” என்பார்கள். தெரிவது வண்டிக்கு முன்னால் உள்ள பத்துப் பதினைந்து மீட்டர். பக்கத்துத் தரை பளீரென்று இருந்தால் கண்ணின் பாவை சுருங்கிவிடும். தூரத்தில் நடப்பவர் முன்னைவிட மங்கலாகிவிடுவார். ஓட்டுகிறவருக்கு இது தெரிவதே இல்லை.

எதிரே வருபவரின் கதை இன்னும் மோசம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடும். கண் கூசி மூன்று நொடி ஒன்றும் தெரியாவிட்டால் 50 மீட்டரைக் குருட்டாம்போக்கில் கடக்கிறார். இருபுறமும் பள்ளமோ தண்ணீரோ இருக்கும் சாலையில் 50 மீட்டர் மிக அதிகம்.

எல்இடி கிட்டுக்கு மாறிவிட்டால் இந்தச் சிக்கல் தீரும் என்று நினைக்க வேண்டாம். ஹாலஜனுக்குச் செய்த டூமில் எதை மாட்டினாலும் கணக்கு ஒன்றுதான்.

“கெல்வின் கூடினால் வெளிச்சம் கூடும்”

பெட்டிமேல் 4,300, 6,000, 8,000 என்று போட்டிருப்பது வெளிச்சத்தின் அளவு அல்ல, நிறம். கம்பெனியிலிருந்து ஹெச்ஐடியோடு வரும் கார்களில் 4,300 கெல்வினை ஒட்டிய பல்புகளே இருக்கும். அதில் லேசான மஞ்சள் தெரியும். அதிக லூமன் கிடைப்பதும் அங்கேதான். 6,000-க்குப் போனால் வெளிச்சம் குறையும், 8,000-க்குப் போனால் நீலம் ஏறி இன்னும் குறையும். நீலம் கலந்த ஒளி எதிரே இருப்பவர் கண்ணைக் கூடுதலாக உறுத்தும். ஈரத் தார்ச்சாலையில் பள்ளமும் சரியாகத் தெரியாது. நீலத்தைக் கேட்டு வாங்குகிறவர் கூடுதல் காசு கொடுத்துக் குறைந்த வெளிச்சத்தை வாங்குகிறார்.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கை, மஞ்சள் விளக்கு மார்கழிப் பனியைத் துளைத்துப் போகும் என்பது. பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கும். பனியில் உதவுவது டிம் போடுவதும், விளக்கு தாழ்வாக இருப்பதும், வேகத்தைக் குறைப்பதும்.

“ஹெச்ஐடி போட்டால் பேட்டரி உட்காந்துடும்”

இது தவறு. எரிய ஆரம்பிக்கும் சில நொடிகள்தான் அதிகம் இழுக்கும். பிறகு 35 வாட்தான், அது 55 வாட் ஹாலஜனைவிடக் குறைவு. ஹோல்டரும் வயரும் உருகுவதற்குக் காரணம் பெரும்பாலும் பழைய வயரிங்கில் 100/90 வாட் ஹாலஜனைச் செருகுவதுதான்.

“வெளிச்சம் மங்கிவிட்டது, பல்ப் போச்சு”

பழவேற்காட்டு ஏரிக்கரையில் பல்பைக் குறை சொல்வதற்கு முன் நான்கு விஷயங்களைப் பாருங்கள். உப்புக்காற்று முதலில் டூமின் முன்கண்ணாடியில் ஒரு படலத்தைப் படியவைக்கும். நல்ல தண்ணீர் விட்டுத் துடைத்தாலே பாதி வித்தியாசம் தெரியும். அது பிளாஸ்டிக்காக இருந்து வெயிலில் மஞ்சளித்திருந்தால் பாலிஷ் போடலாம். உள்ளே பளபளப்புப் பூச்சு உரிந்திருந்தால் எந்தப் பல்பும் உதவாது, டூமையே மாற்ற வேண்டும். கடைசியாகக் கப்ளரைப் பிரித்துப் பின்களைப் பாருங்கள். பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா?

ஹாலஜன் வண்டிக்கு இந்தக் களிம்பு பெரிய சங்கதி. பல்புக்கு வரும் மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். களிம்பைச் சுரண்டி, எர்த் வயரை இறுக்கி, ரிலே வைத்துக் கனமான வயர் இழுத்தால், அதே எச்4 பல்ப் புதிதாகத் தெரியும். கிட்டுக்குக் கொடுக்கும் காசில் இந்த வேலை முடிந்துவிடும். முதலில் இதைச் செய்யச் சொல்லும் ஆட்டோ எலக்ட்ரீசியனை விட்டுவிடாதீர்கள்.

“பியூஸ்போன பல்ப்தானே, நானே மாத்திடுவேன்”

கம்பெனியே ஹெச்ஐடி போட்டு அனுப்பிய காரை, பழையதாக வாங்கியதாகவே இருக்கட்டும், வைத்திருப்பவர்களுக்கு இது. ஹாலஜன் மாதிரி அவசரமாகக் கையை விடாதீர்கள். பற்றவைக்கும் அடி ஆளையே கொல்லக்கூடியது. விளக்கையும் இன்ஜினையும் நிறுத்தி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பல்ப் ஆறும்வரை காத்திருங்கள். ஆறின பல்புக்குள்ளும் வாயு அழுத்தத்தில்தான் இருக்கிறது, அதனால் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். புதுப் பல்பின் கண்ணாடியை விரலால் தொடக் கூடாது. தொட்டுவிட்டால் ஸ்பிரிட் வைத்துத் துடையுங்கள். டி1, டி2 வகைகளில் பாதரசம் உண்டு, உடைந்தால் கையால் அள்ளாதீர்கள், ஏரியில் எறியவே எறியாதீர்கள்.

வாங்கும்போது பழைய பல்பின் அடியில் உள்ள எழுத்தைப் படியுங்கள். ‘எஸ்’ என்று முடிந்தால் லென்ஸ் வைத்த புரொஜக்டருக்கு. ‘ஆர்’ என்று முடிந்தால் ரிஃப்ளெக்டருக்கு, அதன் கண்ணாடியிலேயே ஒளியை மறைக்கும் பூச்சு இருக்கும். டி1, டி2 பல்புகள் 85 வோல்ட்டில் எரியும். பாதரசம் இல்லாத டி3, டி4 பல்புகளுக்கு 42 வோல்ட். பேலாஸ்ட் வேறு வேறு, ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஆகாது.

ஒரு பக்கம் எரியவில்லை என்றால் பல்பா, பேலாஸ்டா? இடது பல்பை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போடுங்கள். கோளாறு பல்போடு போனால் பல்ப்தான். அதே பக்கம் நின்றால் பேலாஸ்ட் அல்லது வயர். பல்பை மாற்றுவதென்றால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். இந்தப் பல்புகள் சட்டென்று போகாமல் வருடக்கணக்கில் மங்கி ஊதா நிறத்துக்குச் சாயும். ஒன்றை மட்டும் மாற்றினால் இரண்டு கண்ணும் இரண்டு நிறமாக இருக்கும்.

“டிம்மில்தான் ஓட்டுகிறேன், கறுப்புப் பொட்டும் ஒட்டியிருக்கிறேன்”

பொட்டு கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும், ஒளி போகும் திசையை மாற்றாது. திசையை மாற்றுவது பின்னால் ஏற்றும் ஐஸ் பெட்டி. டிம் விளக்கைப் பொதுவாக 100-க்கு 1 என்ற சரிவில் கீழ்நோக்கி வைப்பார்கள், அதாவது 10 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் 10 சென்டிமீட்டர் இறங்கியிருக்கும். சின்ன லோடு வண்டியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2 மீட்டர் சொச்சம் இருக்கும். லோடு ஏறிப் பின்பக்கம் 5 சென்டிமீட்டர் அமுங்கினால் மூக்கு 100-க்கு 2.5 தூக்கிக்கொள்ளும். வைத்திருந்த சரிவு போக, வெளிச்சம் 100-க்கு 1.5 மேலே ஏறும். விளக்கு தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், 50 மீட்டர் தள்ளி அந்த ஒளியின் மேல்விளிம்பு 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும். கூடையோடு நடந்துவரும் பெண்ணின் கண் இருக்கும் உயரம் அதுதான். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதியும் கண் கூசக் கூடாது என்று சொல்லும்போது தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தைத்தான் குறிக்கிறது. ஐரோப்பாவில் 2,000 லூமனைத் தாண்டும் டிம் விளக்குக்கு, லோடுக்கு ஏற்பத் தானாக இறங்கும் கருவி கட்டாயமானது இதனால்தான். நம் ஊர்க் கிட்டில் அது வராது.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாமல் வண்டியில் செய்யும் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ விதிக்கலாம் என்கிறது.

அதனால் என் வேண்டுகோள்: ஹாலஜன் வண்டியில் ஹெச்ஐடி கிட் இருந்தால் கழற்றி, 60/55 வாட் எச்4 பல்பையே மறுபடி மாட்டுங்கள். இன்றைக்கு லோடு ஏற்றி முடித்ததும், கிளம்புவதற்கு முன் 10 மீட்டர் தள்ளி ஒரு சுவருக்கு முன்னால் வண்டியை நிறுத்தி டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு ஹெட்லைட்டின் உயரத்தைவிடத் தாழ்வாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டூமின் பின்னால் உள்ள ஸ்குரூவைத் திருகி இறக்கிவிட்டுக் கிளம்புங்கள்.