மனநோய் உள்ளவருக்கும் வீட்டில் இடம், வேலையில் பங்கு

சொந்தக் காணிக்குத் திரும்பும் குடும்பத்துக்கு முதல் மாதங்களில் வேலை ஓயாது. பற்றை வெட்ட வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், கொட்டில் போட வேண்டும், வீட்டுத்திட்டத்துக்குப் பதிய வேண்டும். குடும்பத்தில் மனநோய் உள்ள ஒருவர் இருந்தால், "இவர் இப்போதைக்குச் சொந்தக்காரர் வீட்டில் இருக்கட்டும், வீடும் கட்டி, இவருக்கும் சுகம் வந்த பிறகு கூட்டி வருவோம்" என்று பலர் முடிவெடுக்கிறார்கள். கூட்டி வந்தாலும், "நீ ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இரு" என்று ஒரு மூலையில் இருத்திவிடுகிறார்கள். அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் சுகம் வரும்வரை வீட்டையும் வேலையையும் தள்ளிவைப்பது சுகம் வருவதையே தாமதப்படுத்தலாம். இதைப் பற்றிய ஆய்வுகள் சிலவற்றை இப்பாடத்தில் பார்ப்போம்.

இது ஒருசில குடும்பங்களின் பிரச்சினை அல்ல

2009 யூலை முதல் செப்ரெம்பர் வரை யாழ்ப்பாண மாவட்டத்தில், இடம்பெயர்ந்தோர் முகாம்களையும் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. நூற்றுக்கு ஏறத்தாழ 22 பேரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், 33 பேரிடம் பதகளிப்பின் அறிகுறிகளும், 7 பேரிடம் நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் அறிகுறிகளும் காணப்பட்டன. இவற்றைவிடக் கடுமையான நோய்களும் உண்டு. காதில் குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் வருவது, தனக்குள்ளேயே பேசுவது போன்றவை அவற்றின் அறிகுறிகள். இவை எவருடைய குற்றமும் அல்ல. இவற்றுக்கு வைத்தியம் உண்டு.

வீடு பற்றி ஆய்வு சொல்வது

மனநோயுடன் தெருவில் வாழ்ந்தவர்களுக்கு முன்பெல்லாம் படிப்படியாகத்தான் உதவி கிடைத்தது. முதலில் மருந்தெடுத்துத் தேற வேண்டும், பிறகு விடுதியில் தங்கிப் பழக வேண்டும், கடைசியில்தான் வீடு. 1992இல் நியூயோர்க் நகரில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இந்த ஒழுங்கை மாற்றினார். முதலில் வீட்டைக் கொடுத்துவிட்டு, வைத்திய உதவியை அந்த வீட்டுக்கே கொண்டுசென்றார்.

இந்த முறையைக் கனடா 2009 முதல் 2013 வரை வன்கூவர், வினிப்பெக், ரொறன்ரோ, மொன்றியல், மொங்ரன் ஆகிய ஐந்து நகரங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுடன் சோதித்துப் பார்த்தது. ஆய்வின் கடைசி ஆறு மாதங்களில், முதலில் வீடு பெற்றவர்களில் நூற்றுக்கு 62 பேர் முழுக் காலமும் வீட்டில் இருந்தார்கள். வழக்கமான உதவி மட்டும் பெற்றவர்களில் அப்படி இருந்தவர்கள் நூற்றுக்கு 31 பேர்தான். ஆனால் வீடு கிடைத்ததால் மட்டும் வேலை தானாக வந்துவிடவில்லை. அதற்குத் தனியான துணை தேவைப்பட்டது.

வேலை பற்றி ஆய்வு சொல்வது

அந்தத் துணையை எப்படிக் கொடுப்பது என்பதை அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் றொபேட் டிரேக், டெபோரா பெக்கர் ஆகியோர் 1990களில் வகுத்துக் காட்டினார்கள். நீண்ட பயிற்சி கொடுத்து, "தயாராகிவிட்டார்" என்று முடிவு செய்த பிறகு வேலை தேடுவது பழைய முறை. இவர்களுடைய முறையில், வேலை செய்ய விரும்பும் எவரையும் விலக்குவதில்லை. அவர் விரும்பும் வேலையை உடனே தேடுகிறார்கள். வேலைக்குச் சென்ற பிறகும் துணை நிற்கிறார்கள். வைத்தியரும் வேலைக்கு உதவுபவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறார்கள்.

ஐரோப்பாவின் ஆறு நகரங்களில் கடும் மனநோய் உள்ள 312 பேருடன் இது சோதிக்கப்பட்டது. 2007இல் வெளியான முடிவின்படி, 18 மாதங்களில் இந்த முறையில் உதவி பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேர் ஒரு நாளாவது சம்பள வேலை செய்திருந்தார்கள். பழைய முறையில் அப்படிச் செய்தவர்கள் 28 பேர். வேலை செய்தால் நோய் முற்றிவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. ஆனால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டவர்களும் புதிய முறையில்தான் குறைவாக இருந்தார்கள்.

எங்கள் ஊரில் எப்படிச் செய்யலாம்?

மேலே சொன்னவை பெருநகரங்களில் நடந்தவை. இங்கே தொழில் தோட்டமும் கடலும் மேசன் வேலையும்தான். வேலைக்கு உதவும் உத்தியோகத்தர் எல்லா ஊரிலும் இல்லை. அந்த இடத்தில் பெரும்பாலும் குடும்பமே நிற்கிறது. ஆனால் அடிப்படை ஒன்றுதான்.

• குடும்பம் திரும்பும்போது அவரையும் கூட்டி வாருங்கள். புது வீட்டில் அவர் படுக்கும் இடத்தை அவரிடமே கேட்டு ஒதுக்குங்கள்.

• "என்ன செய்ய விருப்பம்?" என்று கேளுங்கள். முன்பு வலை பின்னியவருக்கு வலையையும், தையல் தெரிந்தவருக்குத் தையலையும் கொடுத்துப் பாருங்கள்.

• நாளுக்கு ஒரு மணித்தியாலத்தில் தொடங்குங்கள். சில மருந்துகள் காலையில் தூக்கக் கலக்கத்தைத் தரும். அப்படியானால் வேலையைப் பிற்பகலுக்கு மாற்றுங்கள்.

• வெளியாரிடம் கூலிக்குப் போனால், செய்த வேலைக்குரிய கூலி அவர் கையிலேயே கிடைக்க வேண்டும்.

• ஒரு வேலை சரிவராவிட்டால் அதைத் தோல்வியாக எண்ணாதீர்கள். வேறொன்றைப் பாருங்கள்.

• அவருக்கு உதவிப்பணம் கிடைக்கிறதென்றால், வேலை செய்வதால் அது பாதிக்கப்படுமா என்று பிரதேச செயலகத்தின் சமூகசேவை உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

கவனிக்க வேண்டியவை

வேலை மருந்துக்கு மாற்று அல்ல. நன்றாக இருக்கிறார் என்று மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். இடம் மாறுவதற்கு முன் கிளினிக் கொப்பியையும் வைத்தியரின் கடிதத்தையும் வாங்கிக்கொண்டு, புதிய இடத்துக்கு அண்மையில் உள்ள அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் பதியுங்கள். அங்கு வைத்தியம் இலவசம். கிளினிக் நாளில் வேலை வைக்காதீர்கள்.

தூக்கக் கலக்கம் உள்ளவரைத் தனியாகக் கடலுக்கோ கிணறு வெட்டவோ உழவு இயந்திரம் ஓட்டவோ விட வேண்டாம். பூச்சிகொல்லி மருந்துகளைப் பூட்டி வையுங்கள். தூக்கம் குறைதல், சாப்பாட்டை மறுத்தல், சந்தேகம் கூடுதல் ஆகியவை நோய் திரும்பும் அறிகுறிகளாக இருக்கலாம். அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காமல் கூட்டிச் செல்லுங்கள். சாகப்போவதாகச் சொன்னால் தனியே விடாதீர்கள், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தில் எந்நேரமும் ஆலோசனை கேட்கலாம்.

குடும்பமாகக் கதைப்பதற்கு

1. எங்கள் வீட்டில் சுகமில்லாதவர் கடைசியாக விரும்பிச் செய்த வேலை எது?

2. இந்த வாரம் அவரிடம் நம்பி ஒப்படைக்கக்கூடிய ஒரு சிறு பொறுப்பு என்ன?

3. கிளினிக் நாளில் அவருடன் போகப்போவது யார்? அவருக்கு முடியாத நாளில் வேறு யார்?