மனதுக்கும் ஒரு முதலுதவிப் பெட்டி

நம் வீட்டு அலுமாரிகளில் பனடோலும் பிளாஸ்டரும் எப்போதும் இருக்கும். காய்ச்சல் வந்த பிறகு நாம் கடை தேடி ஓடுவதில்லை. ஆனால், பரீட்சைக்கு முதல் நாள் இரவு நெஞ்சு படபடத்து, படித்ததெல்லாம் மறந்தது போலாகித் தூக்கமும் வராதபோது எடுத்துக்கொள்ள நம்மிடம் என்ன இருக்கிறது?

இதைப் பற்றி ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதியவர் அபூ ஸைத் அல்-பல்கி (850–934). இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்க் பகுதியில் பிறந்தவர். உடல் நலத்துக்கும் உள்ள நலத்துக்குமாக அவர் எழுதிய நூலின் பெயர் 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்புஸ்'. உடல் நோய்க்கு மருந்தைச் சேமித்து வைப்பது போல, மனம் அமைதியாக இருக்கும்போதே நல்ல சிந்தனைகளைச் சேமித்து வைக்க வேண்டும் என்பது அவரது அறிவுரை. அதை நமது அன்றாட வாழ்வில் இப்படிப் பின்பற்றலாம்.

1. எழுதி வையுங்கள்: மனம் தெளிவாக இருக்கும் நாளில் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் உண்மையான சில வரிகளை எழுதுங்கள். "போன தவணையும் இப்படித்தான் பயந்தேன், ஆனாலும் எழுதி முடித்தேன்" என்ற ஒரு வரி போதும். பதகளிப்பு வரும் இரவில் புதிதாக யோசிக்க முடியாது; எழுதியதை வாசிக்க முடியும்.

2. பயத்தைச் சிறிது சிறிதாகச் சந்தியுங்கள்: காலைக் கூட்டத்தில் பேசப் பயமா? முதலில் தங்கையிடம், பிறகு இரண்டு தோழியரிடம், அதன்பின் வகுப்பில் பேசிப் பாருங்கள். பயப்படும் விடயத்தை மீண்டும் மீண்டும் நெருங்கிப் பழகுவதே பல்கி சொன்ன வழியும்.

3. தனித்திருக்காதீர்கள்: வஸ்வாஸ் எனும் ஓயாத எண்ணங்கள் தனிமையில் வளரும் என்றார் அவர். அறைக்கதவைச் சாத்திக் கைபேசியோடு இருப்பதைவிட, உம்மாவோடு குசினியில் வெங்காயம் உரிப்பது மேல்.

4. உடலைக் கவனியுங்கள்: நேரத்துக்குத் தூக்கம், நேரத்துக்குச் சாப்பாடு, சிறிது நடை. படபடக்கும்போது மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள்.

இவை எல்லாத் துயருக்கும் போதுமா? போதாது. காரணம் தெரிந்த கவலை, காரணம் தெரியாத கவலை எனப் பல்கி இரண்டாகப் பிரித்தார். இரண்டாவதன் வேர் உடலில் இருக்கலாம், அதற்கு மருத்துவமும் வேண்டும் என்றார். இன்றைய வைத்தியரும், சோர்வும் எதிலும் விருப்பமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் உதவி தேடச் சொல்கிறார்கள். உயிர் வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

பாடசாலையின் உளவளத்துணை ஆசிரியரிடம் பேசலாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். 1974 இல் தொடங்கப்பட்ட 'சுமித்ரயோ' அமைப்பின் தொண்டர்களும் நம் துயரைக் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மனச்சோர்வு ஈமானின் குறையல்ல, சோம்பலும் அல்ல. தொழுகையும் துஆவும் மனதுக்கு ஆறுதல் தரும். அவை வைத்தியரிடம் போகும் பாதையை அடைப்பதில்லை. 'ஊர் என்ன சொல்லும்' என்ற பயத்தில் பிள்ளையின் நோயை மறைத்தால், அது உள்ளுக்குள்ளேயே முற்றும். பெறுபேற்றைக் கேட்பதற்கு முன், "மகள், என்ன யோசனை?" என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அவளது முதலுதவிப் பெட்டியில் முதலில் இருக்க வேண்டியது உங்கள் செவிதான்.