தொழுவத்துக்கு நார்க்கழிவு

அன்புள்ள தம்பிக்கு,

வித்துராவில் உள்ள உன் வீட்டில் புதுத் தொழுவம் கட்டி, தரை முழுக்கச் சிமென்ட் பூசியாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். கழுவ வசதிதான். ஆனால் பசு நாளில் ஏறக்குறைய பாதி நேரம் படுத்தே இருக்கும். படுக்கும்போது முன்னங்கால் முட்டியைத்தான் முதலில் ஊன்றும். எழும்போதும் பின்பக்கம் நிமிரும்வரை பாரமெல்லாம் அந்த முட்டியில்தான். வெறுந்தரையில் அது தேய்ந்து வீங்கிவிடும்.

ரப்பர் விரிப்பு போடலாம். கந்தகம் சேர்த்து வேகவைத்த ரப்பரை மறுபடி உருக்க முடியாது என்பதால், கழிவு ரப்பரை அரைத்துத் தூளாக்கி விரிப்பு செய்கிறார்கள். நல்ல பொருள். ஆனால் மூத்திரத்தை உறிஞ்சாது. தென்னை நார்க்கழிவு உறிஞ்சும். உங்கள் ஊரில் சகிரிச்சோறு என்பார்களே, அதுதான்.

பொன்முடிப் பக்கத்து மலையில் பிறக்கும் வாமனபுரம் ஆறு போய்ச் சேரும் அஞ்சுதெங்குக் கரை கயிற்றுக்குப் பேர்போனது. கயிற்றுக்காகத் தேங்காய் மட்டையிலிருந்து ஒரு கிலோ நார் எடுத்தால் சுமார் இரண்டு கிலோ இந்தத் தூள் உதிரும். அதைக் குவித்துப் போட்டால் மழையில் துவர்ச்சாறு கசிந்து காயல் நீர் பழுப்பாகிவிடும், மீனுக்கும் கேடு. எளிதில் மக்கவும் செய்யாது. அதில் லிக்னின் மிகுதி, தழைச்சத்து மிகக் குறைவு. கரிமமும் தழைச்சத்தும் ஏறக்குறைய 112க்கு 1 என்ற கணக்கில் இருக்கின்றன. அதனால்தான் டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் இட்டு மக்கவைக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். மக்கியபின் அந்த விகிதம் 24க்கு 1 என்று இறங்கிவிடும்.

மாட்டு மூத்திரத்தில் இருப்பதும் யூரியாதான்! தூளைப் படுக்கையாகப் பரப்பினால் மாட்டுக்கு மெத்தை, தொழுவத்தில் நாற்றம் குறையும், தூளுக்கு வேண்டிய தழைச்சத்தும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். நனைந்ததை அள்ளிக் குவித்து, காளான் வித்து தூவி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள். மக்கியதும் வாழைக்கும் நல்லமிளகுக்கும் போடலாம்.

ஒன்றில் மட்டும் கவனமாக இரு. ஈரப்படுக்கையில் கிருமி பெருகி மடிநோய் வரும். உங்கள் ஊர் மழை சாமானியமானதல்ல. தூளைக் கூரைக்கடியில் சேமித்து வை. தினமும் ஈரத்தை வாரிவிட்டுக் காய்ந்த தூளைப் போடு. உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டையின் தூள் வேண்டாம். பச்சை மட்டையை இயந்திரத்தில் அடித்ததா என்று கேட்டு வாங்கு. முதலில் ஒரே ஒரு மாட்டுக்குப் போட்டு, அது எவ்வளவு நேரம் படுக்கிறது என்று பார்த்து எழுது.

அன்புடன்,
சித்தப்பா