402ஆவது எழுத்து

பத்தாம் வகுப்பு மரபியலில் புள்ளி சடுதிமாற்றத்துக்குக் கதிர் அரிவாள் இரத்தசோகையை எடுத்துக்காட்டாகச் சொல்வோம். மூன்று ஆண்டுகளாக நான் இரண்டாவது எடுத்துக்காட்டு ஒன்றையும் கரும்பலகையில் எழுதுகிறேன். அது என் உடலிலிருந்து வந்தது.

அப்போது எனக்கு வயது 51. மாதவிடாய் நின்று ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பொதுத்தேர்வுப் பணியின்போது மீண்டும் இரத்தப்போக்கு. அலைச்சல்தான் காரணம் என்று நானே முடிவு செய்து, விடைத்தாள் திருத்தும் பணி முடியும்வரை ஆறு வாரம் தள்ளிப்போட்டேன். அறிவியல் ஆசிரியை செய்யக்கூடாத தவறு. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், சகோதரிகளே. தேர்வுப் பணிக்கு மாற்று ஆள் கிடைப்பார்கள்.

ஸ்கேனில் சினைப்பையில் கட்டி தெரிந்தது. (நம் பாடநூலில் 'அண்டகம்'. மருத்துவமனையில் அப்படிச் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை.) கருப்பையையும் இரு சினைப்பைகளையும் அகற்றினார்கள். முதிர்ந்த வகை கிரானுலோசா செல் கட்டி, முதல் நிலை என்று அறிக்கை வந்தது. சினைப்பைப் புற்றுநோய்களில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரைதான் இவ்வகை. கருமுட்டையைச் சூழ்ந்திருந்து ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் செல்களில் இது தோன்றுகிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சுவரைத் தடிக்கச் செய்ததால்தான் எனக்கு இரத்தப்போக்கு.

கீமோ தேவைப்படவில்லை. ஆனால் 'குணமாகிவிட்டது' என்ற சொல்லை மருத்துவர் சொல்லவே இல்லை. இது மெதுவாக வளரும், பத்து, இருபது ஆண்டுகள் கழித்தும் திரும்பி வரக்கூடும், ஆயுள் முழுக்கப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்றார்.

2009இல் கனடாவின் வான்கூவர் ஆய்வாளர்கள் இவ்வகைக் கட்டிகள் 89ஐச் சோதித்தபோது 86இல் ஒரே மாற்றம் இருந்தது. ஃபாக்ஸ்-எல்-2 என்னும் ஜீனில் 402ஆவது இடத்தில் சைட்டோசினுக்குப் பதில் குவானைன். அதனால் புரதத்தின் 134ஆவது இடத்தில் சிஸ்டீன் போய் டிரிப்டோபேன் வருகிறது. என் கட்டியிலும் அதேதான்.

இதை முதன்முதலில் எழுதியபோது பின்வரிசைப் பையன் ஒருவன், "டீச்சர், 134ஐ மூணால பெருக்குனா 402!" என்று கத்தினான். மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்பதை நான் அரைமணி நேரம் விளக்கியிருப்பேன், அவன் ஒரு பெருக்கலில் முடித்துவிட்டான். அடுத்து ஒரு மாணவி, "உங்க பொண்ணுக்கும் வருமா டீச்சர்?" என்றாள். மருத்துவரிடம் நான் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். இந்த மாற்றம் கட்டியின் செல்களில் மட்டும் நேர்ந்தது, பிறப்பில் வந்ததல்ல, ஆகவே பிள்ளைகளுக்குப் போகாது என்றேன். உடல்செல், இனச்செல் வேறுபாட்டை அன்றுபோல் வகுப்பு கவனித்ததில்லை.

பிறகு இன்னொருத்தி எழுந்தாள். "இப்ப உங்களுக்குச் சரியாயிடுச்சா?"

ஆமாம் என்று சொல்லி அமர வைத்திருக்கலாம். அவள் தாயை மார்பகப் புற்றுநோயில் இழந்தவள் என்பது சட்டென்று நினைவுக்கு வந்தது. "இப்போ கட்டி இல்லை. திரும்ப வரலாம். அதனால ஆறு மாசத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்க்கிறேன்" என்றேன்.

"எங்கம்மாவுக்குச் சரியாயிடும்னுதான் எல்லாரும் சொன்னாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். மணி அடித்தும் யாரும் எழவில்லை.

இப்பாடத்துக்கு முன் அவளிடம் தனியே பேசியிருக்க வேண்டும். அந்த ஆண்டு எனக்குத் தோன்றவில்லை. இப்போது ஒவ்வோர் ஆண்டும், வீட்டில் புற்றுநோயைக் கண்ட பிள்ளைகள் யார் என்று வகுப்பாசிரியரிடம் கேட்டு, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வேண்டாமென்றால் அந்தப் பாடவேளையில் நூலகத்துக்குப் போகலாம். இதுவரை யாரும் போகவில்லை.

மறுநாள் அவள் ஆசிரியர் அறைக்கு வந்து, ரத்தத்தில் எதைப் பார்ப்பார்கள் என்று கேட்டாள். இன்ஹிபின்-பி என்னும் ஹார்மோன், அதைச் சுரப்பதும் கிரானுலோசா செல்கள்தான், சினைப்பைகளை எடுத்துவிட்டதால் எனக்கு ஏறக்குறைய இல்லாமல் இருக்க வேண்டும், ஏறினால் கட்டி திரும்பியிருக்கலாம் என்றேன். ஒற்றை எண்ணைப் பார்த்துப் பதறாமல் போக்கைப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். மாலையில் ஒரு வரைபடத்தாளோடு வந்தாள். கிடை அச்சில் மாதம், செங்குத்து அச்சில் அளவு. அளவுத்திட்டத்தை வலது மூலையில் எழுதியிருந்தாள். என் கோப்பிலிருந்த எண்களைப் படித்துச் சொன்னேன், அவள் புள்ளி வைத்தாள். எல்லாம் அடிக்கோட்டை ஒட்டியே இருந்தன.

அவள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. தாள் அவளிடம்தான் இருக்கிறது. அடுத்த பரிசோதனை காலாண்டு விடுமுறையில். முடிவு வந்ததும் சொல்ல வேண்டும் என்று போன வாரமும் நினைவூட்டிவிட்டுப் போனாள்.