தீயைத் தடுக்கும் மருந்தும் தொழிலாளர் நலமும்

கணினி, தொலைக்காட்சி முதலியவற்றின் பிளாஸ்டிக் கூடு எளிதில் தீப்பற்றக் கூடியது. உள்ளே மின்சாரம் ஓடுவதால் சூடும் ஏறும். ஆகவே பிளாஸ்டிக்கில் புரோமின் அடங்கிய தீத்தடுப்பு இரசாயனங்களைக் கலப்பது வழக்கமாயிற்று. தீ மூளும்போது புரோமின் வெளிப்பட்டு, சுடர் வளரும் வேதிவினையை இடைமறித்து அடக்குகிறது. இது நம் பாதுகாப்புக்கான ஏற்பாடே. ஆனால், அக்கருவி பழுதாகிக் கழிக்கப்பட்டபின் அதை உடைத்துப் பிரிப்பவர்களின் நிலை என்ன? இதை நாம் சற்றுச் சிந்திப்போம்.

இவ்விரசாயனங்களுள் ஒரு வகைக்குப் பி.பி.டி.ஈ. என்பது சுருக்கப் பெயர். இவை பிளாஸ்டிக்கோடு வேதிமுறையில் பிணைக்கப்படாமல் வெறுமனே கலக்கப்பட்டவை. கெட்டியாய்ப் பிடிக்காத சாயம் துணியை விட்டு வெளியேறுவதுபோல, இவையும் பிளாஸ்டிக்கை விட்டு வெளியேறும். கூட்டை உடைக்கும்போதும் அரைக்கும்போதும் எழும் தூசியில் இவை மிகுதி. அத்தூசி மூச்சோடு உட்செல்கிறது. கழுவாத கையால் உண்ணும்போது உணவோடும் உட்செல்கிறது. உடலில் கொழுப்பில் தங்குகிறது. விலங்குகளிடம் நடந்த சோதனைகளில், இவை தைராய்டு சுரப்பு நீரின் அளவைக் குறைப்பது தெரியவந்துள்ளது.

சுவீடன் நாட்டில் மின்னணுக் கழிவுகளைப் பிரிக்கும் தொழிலகம் ஒன்றில் 1997ஆம் ஆண்டு தொழிலாளரின் இரத்தம் சோதிக்கப்பட்டது. மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளரின் இரத்தத்தோடும், கணினி முன் பணிபுரியும் எழுத்தர்களின் இரத்தத்தோடும் அது ஒப்பிடப்பட்டது. துப்புரவுப் பணியாளரைவிடப் பிரிப்போரிடம் இவ்விரசாயனங்களின் மொத்த அளவு ஏறக்குறைய 7 மடங்கு இருந்தது. கணினிக் கூடுகளில் மிகுதியாகக் கலக்கப்பட்ட ஒரு வகை மட்டும் 70 மடங்கு இருந்தது!

இதன்பின் நடந்ததே நாம் கற்கவேண்டிய பாடம். அத்தொழிலகத்தில் பணியிடச் சுகாதார ஏற்பாடுகள் சீர்செய்யப்பட்டன. 2000ஆம் ஆண்டு மீண்டும் சோதித்தபோது, பிரிக்கப்படும் பொருள்களின் அளவு இரு மடங்காகியிருந்தும், தொழிலாளரின் இரத்தத்தில் அந்த வகையின் அளவு குறைந்திருந்தது. எனவே, இத்தீங்கு தொழிலோடு பிறந்த தலைவிதியன்று. அக்கறை இருந்தால் குறைக்கக் கூடியதே.

ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009லும் 2017லும் இவ்வகை இரசாயனங்களை ஒழிக்கவேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. ஆயினும், முன்பு செய்யப்பட்ட கருவிகள் இன்றும் கழிவாக வந்துகொண்டிருக்கின்றன. நம் நாட்டில் பலர் கையுறையும் முகமூடியும் இன்றி அவற்றை உடைத்துப் பிழைக்கின்றனர்.

தோழியரே! வீட்டில் பழுதான கருவியைக் கண்ட இடத்தில் போடாமல், அரசிடம் பதிவுபெற்ற மறுசுழற்சி நிலையத்திற்குச் சேர்ப்பிக்கப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்வோம். தொழிலாளரின் பாதுகாவலராகிய புனித சூசையப்பரிடம் மன்றாடும் நாம், நம் கழிவைத் தொடும் கைகளையும் நினைவில் கொள்வோம்.