டிஃப்தமைடு: தொண்டை அடைப்பான் குறிவைக்கும் அமினோ அமிலம் – முழுமையான வழிகாட்டி

செண்பகத்தோப்பில் கிளைவிட்டுக் கிளை தாவும் சாம்பல் நிற அணில், அது தின்னும் மாங்காயைத் தந்த மரம், அண்ணாந்து பார்க்கும் நாம் – மூவருடைய செல்லிலும் ஒரே அடையாளம் இருக்கிறது. அதன் பெயர் டிஃப்தமைடு. தொண்டை அடைப்பான் நஞ்சு தேடி வருவது இதைத்தான்.

படி 1: தறியைப் புரிந்துகொள்ளுங்கள்

ராஜபாளையம் பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறியைக் கவனியுங்கள். ஊடை விழுந்ததும் துணி இம்மியளவு நகரும். நகர்ந்தால்தான் அடுத்த ஊடைக்கு இடம். செல்லில் ரைபோசோம்தான் தறி. ஓர் அமினோ அமிலம் சேர்ந்ததும் மரபுச் செய்தியை மூன்றெழுத்து நகர்த்துவது நீட்சிக் காரணி 2 என்ற புரதம்.

படி 2: அடையாளத்தைக் கண்டுபிடியுங்கள்

மனிதரில் இக்காரணி 858 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதில் 715-வது இடத்து ஹிஸ்டிடினை, பல நொதிகள் கட்டம் கட்டமாக டிஃப்தமைடாக மாற்றுகின்றன. ஒரே ஒரு புரதத்துக்காக இத்தனை உழைப்பு!

பயன் என்ன? ‘அணில் மரம் பழம்’ என்பதை மும்மூன்று எழுத்தாகப் படியுங்கள். முதல் சொல்லுக்குப் பின் ஓரெழுத்து பின்வாங்கினால் ‘ல்மர’, ‘ம்பழ’ என்று குழம்பும். அப்படிப் பிசகாமல் காப்பதில் டிஃப்தமைடுக்குப் பங்குண்டு.

படி 3: நஞ்சின் வேலையைப் பாருங்கள்

தொண்டை அடைப்பானை உண்டாக்கும் பாக்டீரியாவான கொரினிபாக்டீரியம் டிஃப்தீரியே தொண்டையில் சாம்பல் படலத்தை உண்டாக்கும். அதன் நஞ்சு செல்லுக்குள் புகுந்து, டிஃப்தமைடின் மேல் ஏடிபி-ரைபோஸ் என்ற துண்டை ஒட்டிவிடும். காரணி முடங்கும், தறி நிற்கும், செல் சாகும். நஞ்சு ஒரு நொதி. ஒன்றை முடக்கிவிட்டு அடுத்ததற்குப் போகும். ஒரு செல்லைக் கொல்ல ஒரே மூலக்கூறு போதும் என்று 1978-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினர். நஞ்சு ரத்தத்தில் கலந்தால் இதயத்தையும் தாக்கும். பாக்டீரியாவிடமோ டிஃப்தமைடு இல்லை. அதன் நஞ்சு அதைச் சுடாது.

படி 4: வழியிலேயே மடக்குங்கள்

அடையாளத்தை நம்மால் மறைக்க முடியாது. நஞ்சை மடக்க முடியும். ஃபார்மலினால் வீரியம் நீக்கிய நஞ்சுதான் தடுப்பூசி; அதைப் போட்டால் உண்மை நஞ்சை மடக்க உடல் பழகிக்கொள்ளும். இது கலந்த ஊசிகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்:

- 6, 10, 14 வாரங்கள்: பென்டாவேலன்ட்
- 16–24 மாதங்கள், 5–6 வயது: டிபிடி
- 10, 16 வயது: டிடி (Td)

படி 5: அட்டையை எடுங்கள்

கைக்குழந்தைக்குத் தவறாமல் போடும் நாம், பள்ளிப் பிள்ளைக்கு மறந்துவிடுகிறோம். இன்றிரவே பிள்ளையின் தடுப்பூசி அட்டையைப் பிரித்துப் பாருங்கள். உரிய வயது வந்தும் 10, 16 வயதுக் கட்டங்கள் காலியாக இருந்தால், நாளைக் காலை செவிலியரிடம் கூட்டிப்போங்கள்.