வேலை மாறுமுன் எழுத வேண்டிய கடிதம்

தீபாவளி லீவுக்கு வந்த பிள்ளைகள் கொழும்புக்குத் திரும்பும்போது, அவர்களோடு நம் லயத்திலிருந்து இரண்டு மூன்று பேர் பஸ் ஏறிவிடுகிறார்கள். மறுநாள் பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டால் ஆள் இல்லை. கணக்கப்பிள்ளை கொஞ்ச நாள் பார்ப்பார். பிறகு செக்ரோலில் பேர் இருக்காது. இந்த மாதப் பாடம் இப்படிப் போக நினைக்கிறவர்களுக்காக.

போகவேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. அட்டைக்கடியும் முதுகுவலியும் பட்டவர் வேறு தொழில் தேடினால் அதில் என்ன குற்றம்? ஆனால் பத்துப் பன்னிரண்டு வருசம் உழைத்துச் சேர்த்ததை அப்படியே போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போவதுதான் நமக்கு மனவருத்தம்.

என்ன சேர்ந்திருக்கிறது என்று முதலில் பார்ப்போம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, ஐந்து வருசம் வேலையை முடித்த தொழிலாளிக்குச் சேவைக்காலப் பணம் உண்டு. நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருசத்துக்கும் 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பள வீதத்தில். 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாயை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு வருசத்துக்கு 18,900 ரூபாய். பன்னிரண்டு வருசம் வேலை செய்தவருக்கு 2,26,800 ரூபாய். சம்பளம் அதைவிடக் கூடியிருந்தால் இதுவும் கூடும். "வயசு போய் நிறுத்தினால்தானே சர்விஸ் காசு, நாமளா விலகினா கிடையாதே" என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. நீங்களாகவே விலகினாலும் உண்டு. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்கவேண்டும் என்பதும் சட்டம்.

அப்படியானால் ஏன் பலருக்குக் கிடைப்பதில்லை? கடிதம் இல்லை, அதுதான். சும்மா போய்விட்டவரின் வேலை எந்தத் திகதியில் முடிந்தது, விலகினாரா விலக்கினார்களா என்று பின்னால் இழுபறி வருகிறது. அதனால் போவதற்கு முன் ஒரு ராஜினாமாக் கடிதம் எழுதுங்கள். பெரிய இலக்கியம் ஒன்றும் வேண்டாம். பேர், அடையாள அட்டை இலக்கம், செக்ரோல் இலக்கம், டிவிசன், எந்தத் திகதியோடு விலகுகிறீர்கள், சேவைக்காலப் பணத்தைத் தரவேண்டும், இவ்வளவுதான். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தோட்ட ஆபீஸ் முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு அந்தத் துண்டைப் பத்திரமாக வையுங்கள். தீபாவளி முற்பணத்தில் பாக்கி இருந்தால் அதையும் எவ்வளவு என்று கேட்டுத் தீர்த்துவிடுவது நல்லது. பணம் வராவிட்டால் உங்கள் பகுதித் தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு செய்யலாம். அங்கே போகும்போது கையில் கடிதம் இருக்கவேண்டும்.

அடுத்தது ஈ.பி.எப். உங்கள் சம்பளத்தில் நூற்றுக்கு 8 ரூபாய் வெட்டுகிறார்கள், தோட்டம் 12 ரூபாய் போடுகிறது. இந்தக் காசை வேலையை விட்டவுடன் எடுக்க முடியாது. பொதுவாக ஆண்களுக்கு 55 வயது, பெண்களுக்கு 50 வயது ஆகவேண்டும். இடையில் "எடுத்துத் தாறேன்" என்று ஒரு தரகர் வந்தால் நம்பவேண்டாம். காசு எங்கேயும் போகாது, வட்டியோடு கிடக்கும். ஈ.டி.எப். வேறு. அது தோட்டம் மட்டும் போடும் நூற்றுக்கு 3. வேலையிலிருந்து விலகினால் வயதைப் பார்க்காமல் அதை எடுக்கலாம். ஆனால் ஐந்து வருசத்துக்கு ஒரு தடவைதான்.

இங்கே பேர் விசயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். செக்ரோலில் முத்தம்மா, அடையாள அட்டையில் முத்துலெட்சுமி, பிறப்புச் சான்றிதழில் இன்னொரு பேர். தோட்டத்தில் இது புதினமில்லை. பேர் பதிந்த அன்று கிளாக்கர் காதில் விழுந்ததை எழுதினார், அவ்வளவுதான். வேலையில் இருக்கும்போது ஆபீசில் கேட்டுத் திருத்தலாம், ஆளைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். இருபது வருசம் கழித்து வந்து "அந்த முத்தம்மா நான்தான்" என்றால் யார் சாட்சி சொல்வது? அப்போதிருந்த கிளாக்கரும் மாறிப் போயிருப்பார். அதனால் விலகுவதற்கு முன்பே ஈ.பி.எப். கணக்கில் உள்ள பேரும் அடையாள அட்டையில் உள்ள பேரும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

இனி போகிற இடத்தைப் பற்றி. மாதம் 45,000 என்று கேட்டதும் வாய் பிளக்கவேண்டாம். போர்டிங்குக்கு 10,000, சாப்பாட்டுக்கு 15,000, பஸ்ஸுக்கு 4,000, சவர்க்காரம் போன் என்று 2,000 போனால் கையில் மிஞ்சுவது 14,000. இது நாம் உதாரணத்துக்குப் போட்ட கணக்கு, உங்கள் கணக்கை நீங்கள் போடுங்கள். தோட்டத்தில் 22 பேர் விழுந்தால் 1,350 வீதம் 29,700. அதில் 8 வீதம் போக 27,324 கைக்கு வரும். இதற்கு மேல் தோட்டம் உங்கள் கணக்கில் போடுவது 4,455. வீட்டுச் சாப்பாடு வேறு. ஆனால் 22 பேர் கிடைக்காத மாதங்களும் உண்டு. அதையும் சேர்த்தே பாருங்கள்.

"மூன்று மாதம் பார்த்துட்டு ஈ.பி.எப். கட்டுறோம்" என்று கடைக்காரர் சொன்னால் அது சட்டத்துக்கு விரோதம். முதல் நாளிலிருந்தே கட்டவேண்டும். கடையிலோ ஆபீசிலோ சேர்ந்தால் எழுத்தில் நியமனக் கடிதம் கேளுங்கள். புதிய முதலாளியிடம் ஈ.பி.எப். இலக்கமும் புதிதாக வரும். பழைய இலக்கத்தை எறிந்துவிடவேண்டாம்.

கையில் சான்றிதழ் இல்லையே என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு வழி உண்டு. ஸ்டோரில் வருசக்கணக்காக மெசின் ஓட்டியவர், தோட்டத்தில் மேசன் வேலை, வயரிங் வேலை பழகியவர் எல்லாம் தொழில் தெரிந்தவர்கள்தான். கடதாசி மட்டும்தான் இல்லை. தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் நைட்டா நிறுவனத்திலும், செய்து காட்டிச் சோதனையில் தேறினால், வகுப்புக்குப் போகாமலே என்.வி.கியூ. சான்றிதழ் பெற வழி இருக்கிறது. எல்லாத் தொழிலுக்கும் இருக்காது, கேட்டுப் பார்க்கவேண்டும். காசு கட்டிப் படிக்கிற இடமாக இருந்தால், மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்த இடமா என்று முதலில் விசாரியுங்கள்.

காம்பராவும் ஒரு கேள்வி. வீட்டில் ஒருவரும் தோட்டத்தில் பேர் போடாவிட்டால் காம்பராவைத் திருப்பிக் கேட்பார்களா என்று பல குடும்பங்களுக்குப் பயம். உறுதி கிடைத்த வீட்டுக்காரருக்கு இந்தக் கவலை குறைவு. மற்றவர்கள், கடைசி ஆளும் விலகுவதற்கு முன்பே தலைவரோடு போய்த் துரையிடம் பேசிக்கொள்ளுங்கள். சில தோட்டங்களில் தேயிலை மலையைக் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்துக்குக் காசு தருகிறார்கள். அதுவும் வேலை மாற்றம் மாதிரித்தான். கையெழுத்து வைக்குமுன் ஈ.பி.எப். தொடருமா, பழைய சேவைக்காலத்துக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

போன இடம் சரிவராமல் திரும்பி வருகிறவர்களும் உண்டு, அது வெட்கமில்லை. விலகியபோது கணக்கு முடிந்திருந்தால், திரும்பப் பேர் பதிந்த நாளிலிருந்து சேவைக்காலம் புதிதாகத்தான் ஓடும், மறுபடியும் ஐந்து வருசம் முடியவேண்டும். அதனால் அவசரம் இல்லாவிட்டால், விலகுகிற திகதியை வைக்குமுன் உங்கள் ஐந்தாவது வருசம் எந்த மாதத்தில் முடிகிறது என்று ஆபீசில் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் பொறுத்தால் காசு உண்டு, பொறுக்காவிட்டால் இல்லை என்ற நிலையில் இருக்கிறவர்கள் நம் தோட்டங்களில் பல பேர்.